ரெண்டு வீட்டுக்கு ஒரு டெலிபோன் கம்பி

1

போன வாரம் எங்கள் வீட்டு டெலிபோன் கம்பியை எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் எதையும் திடுதிப்பென்று செய்துவிட மாட்டார்கள். முதலில் ஒரு கடிதம் வந்தது. "உங்களுக்கு விரைவில் ஒரு கடிதம் வரும்" என்பதுதான் அதில் இருந்த செய்தி. அப்புறம் அந்தக் கடிதம் வந்தது. அதற்குப் பதில் போட்டேன். பதில் போட்டதற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம். கடைசியாக, இன்ன நாள் காலைக்கும் மாலைக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரத்தில் ஆள் வருவார், வீட்டிலேயே இருக்கவும் என்று ஒன்று. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இதைவிடத் தெளிவாக நேரம் சொல்லிவிட்டு வருவார்கள்.

வேகக் கட்டுப்பாடே இல்லாமல் காரை விரட்ட ரோடு போட்டவர்கள் இவர்கள். ஆனால் இத்தனை வருஷமும் என் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆபீசோடு பேசிக்கொண்டிருந்தது, யாரோ ஒரு தாத்தா காலத்துச் செம்புக் கம்பி வழியாக. நாமக்கல்லில் பரோட்டாக் கடைக்காரர் கண்ணாடி இழை இணைப்பில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு மாவு பிசைகிறார். நான் இங்கே மழை பெய்தால் ஆபீஸ் கிடைக்குமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ வெளிநாட்டுல இருக்கறயா, இல்ல வெளிநாடு நம்மூருல இருக்குதா?" என்று தம்பி கேட்பான். மழை வருகிறது, அப்புறம் பேசலாம் என்று போனை வைத்துவிடுவேன்.

வந்த ஆள் சுவரிலிருந்து தீப்பெட்டி போன்ற ஒரு வெள்ளை டப்பாவைக் கழற்றி, "இது இனி தேவையில்லை. குப்பையில் போட்டுவிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம், என்னிடம் கொடுங்கள்" என்று கை நீட்டினேன். வினோதமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற என் மகள் யாழினிக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"அம்மா, இது சின்ன அப்புச்சிங்க வீட்டு டப்பா மாதிரியே இருக்குங்க" என்றாள்.

என் சித்தப்பாவைத்தான் சின்ன அப்புச்சி என்கிறாள். அதேதான். அதைப் போன்ற ஒரு டப்பா மட்டும் இல்லாவிட்டால், போன ஆவணியில் என் சொந்தத் தம்பியின் கல்யாணத்தில் நான் நின்றிருக்க மாட்டேன்.

2

நான் படித்தது பன்னிரண்டாவது. கல்யாணம் செய்து இங்கே வந்தபோது கம்ப்யூட்டரைத் துடைக்க மட்டும்தான் தெரியும். பம்புக்கு உதிரி பாகம் விற்கிற கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். பக்கத்து மேசைக்காரி விடுப்பில் போன நாளெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் என்னென்ன பட்டன் என்று அழுத்திப் பார்த்தே ஆர்டர் போடக் கற்றுக்கொண்டேன். இப்போது அந்த மேசையே என்னுடையது. வாயும் சும்மா இருக்காதா, மொழியும் வந்துவிட்டது. தப்பும் தவறுமாகத்தான். ஆனால் நிறுத்தாமல் பேசினால் தப்பைக் கண்டுபிடிக்க இவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

தம்பி செந்திலுக்கு முட்டைக் கோழிப் பண்ணை. நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது வரைக்கும் பெண் அமையவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், காபி குடிப்பார்கள், "மாப்பிள்ளை கோழி வச்சிருக்கறாருங்களா?" என்பார்கள், டம்ளரைக் கீழே வைப்பார்கள், போய்விடுவார்கள். பண்ணைக் கோழிகள் சேவல் இல்லாமலே காலம் தள்ளும். அதுகளோடு பழகிப் பழகி இவனும் அப்படியே இருந்துவிடுவானோ என்று அம்மா அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் சங்ககிரிப் பக்கம் ஒரு பெண், கோழியையும் சேர்த்தே ஒத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு என் வணக்கம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். மடித்த கூறைச்சேலையின் ஒரு நுனி அவனிடம், மறு நுனி அவளிடம். பெண்டாட்டி வந்தாலும் உடன்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று சபைக்கு முன்னால் சொல்வது அது. சொன்னபடி நடப்பார்களா என்பது வேறு கதை. அண்ணன் தம்பியோடு பிறந்த ஒவ்வொரு பெண்ணும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக வருஷக்கணக்காகக் காத்திருப்பாள். நானும் காத்திருந்தேன்.

ஆபீஸ் விடுப்புப் படிவத்தில் சொந்தத் திருமணம், குழந்தையின் திருமணம், பெற்றோர் மரணம் என்று காரணங்கள் அச்சிட்டிருந்தன. தம்பி இல்லை. தம்பிகள் இந்த நாட்டில் காரணமே இல்லாமல்தான் கல்யாணம் செய்துகொள்வார்கள் போலிருக்கிறது. என் மேலதிகாரி ஃப்ராவ் கெல்லர் நல்ல மனுஷி. உட்கார வைத்து விவரம் கேட்டார்.

"திருமண மேடையில் உங்கள் தம்பியோடு நீங்கள் நிற்பீர்களா?"

"ஆமாம்."

"அப்போது மணமகள் எங்கே?"

"அப்புறம் வருவாள்."

படிவத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். கிடங்கில் சரக்கு எண்ணும் மாதம் இது, முழு விடுப்பு தர முடியாது. ஊரிலிருந்தே வேலை செய்வதானால் போகலாம். ஆனால் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தால் உடனே திரும்பிவிட வேண்டும். "இந்தியாவில் இணையம் எப்படி?" என்று கேட்டார்.

"பிரமாதம்" என்றேன்.

3

பிரமாதம் எல்லாம் ஊருக்குள். எங்கள் வீடு தோட்டத்துக்குள். கண்ணாடி இழைக்காரர் முக்குக் கோயில் வரைக்கும்தான் இழுத்திருந்தார். "அக்கட்டால இன்னும் பத்து ஊடு சேந்தா இழுக்கலாமுங்க" என்றார். பத்து வீட்டுக்கு நாங்கள் எங்கே போவது, கோழிகளுக்கு ஆளுக்கொரு கதவு எண் வாங்கினால்தான் உண்டு. செல்போன் சிக்னல் தண்ணித் தொட்டி மேல் ஏறி நின்றால் கிடைக்கும். மிச்சம் இருந்தது அப்பாவின் பழைய டெலிபோன். யாரும் கூப்பிடாத, யாரையும் கூப்பிடாத போன். அப்பா அதற்கு மட்டும் மாசம் தவறாமல் பணம் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், "இருக்கட்டும் போ" என்பார்.

அந்தக் கம்பியிலேயே இணையம் வாங்கிப் பூட்டினோம். ஒரே கம்பியில் மனிதர் பேச்சும் போகும், கம்ப்யூட்டர் பேச்சும் போகும். ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் பிரித்துவிடுவதுதான் நான் சொன்ன அந்த வெள்ளை டப்பா. ஸ்ப்ளிட்டர் என்பார்கள். போன் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒன்று மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு போன், ஒரு டப்பா, முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

ஆபீசுக்குள் நுழைவது கோட்டைக்குள் நுழைவது போல. பேர் சொல்ல வேண்டும், கடவுச்சொல் சொல்ல வேண்டும், அதற்கும் மேலே செல்போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். செல்போனோ தொட்டி மேல். ஆகவே யாழினி செல்போனோடு தொட்டி மேல் ஏறி நிற்பாள். எண் வந்ததும் அங்கிருந்து ஜெர்மன் மொழியில் கத்துவாள். நான் கீழே தட்டுவேன். ஐரோப்பாவின் ரகசியம் இரண்டு தோட்டத்துக்குக் கேட்கும்.

ஊருக்கே வர மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த பெண், இந்த வேலை கிடைத்ததும் பாட்டுக் கேட்கக் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டாள். அவள் தமிழ் முழுக்க ஊரிலிருந்து வரும் போனில் கேட்டுக் கற்றது. அதில் எல்லாரும் எல்லாருக்கும் 'ங்க' போடுவார்கள். அதனால் இவள் நாயைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, கடிக்காதீங்க" என்பாள். நாயும் மரியாதை பழக்கமில்லாமல் குழம்பிப்போய் உட்கார்ந்துவிடும்.

முதல் நாள் ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகப் போனது. மத்தியானச் சோற்று நேரம் தாண்டியதும் இணைப்பு அறுந்தது. யாழினி தொட்டிக்கு ஓடினாள். விளக்கு வைக்கிற நேரம் மறுபடி அறுந்தது. மறுநாளும் அதே நேரம், அதே மாதிரி. பாதியில் அறுந்தால் ஆர்டர் பூட்டிக்கொள்ளும். அதை ஃப்ராவ் கெல்லர்தான் திறந்துவிட வேண்டும். முதல் முறை "பரவாயில்லை" என்று எழுதினார். அப்புறம் வெறும் "சரி". அதற்கப்புறம், "டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று பாருங்கள்."

கல்யாணத்துக்கு இன்னும் பந்தல்காரர்கூட வரவில்லை.

4

நான் திரும்பிப் போனால் சீருக்கு யார் நிற்பது? இந்தக் கேள்வியை அம்மாதான் சோற்றுக் குண்டானைப் பார்த்துக் கேட்டாள். வேறு யார், தங்கை முறையில் இருப்பது பூங்கொடி ஒருத்திதான். சித்தப்பா மகள். ஓமலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தங்கமான பெண். அவள் மேல் ஒரே ஒரு குற்றம்தான் உண்டு, சித்தப்பாவுக்குப் பிறந்தது.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு நின்று எத்தனையோ வருஷம். ஏன் நின்றது என்றால் அப்பா மோட்டார் என்பார், சித்தப்பா தென்னமரம் என்பார். "ரெண்டு பேத்துக்குமே மறந்து போச்சு. மறந்துட்டம்னு சொல்றதுக்கு ரோசம்" என்பாள் அம்மா. ஒருவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் இன்னொருவருக்குக் கேட்கும். ஆனால் கூப்பிட மாட்டார்கள். தண்ணி முறை போன்ற அவசரம் என்றால் எருமையிடம் சொல்வார்கள். "நாளைக்கு நம்ம தண்ணி முறை, தெரியுதா?" என்று அப்பா எங்கள் எருமையைப் பார்த்துக் கத்துவார். அந்தப் பக்கத்திலிருந்து, "தெரியுது, தெரியுது, நமக்கென்ன காது செவுடா?" என்று அவருடைய எருமைக்குப் பதில் கிடைக்கும். இரண்டு எருமைகளும் பாவம், பரம விவரமானவை.

"அவ நிக்கறதுக்கு சீரே இல்லாமக் கல்யாணம் நடக்கட்டும்" என்றார் அப்பா.

"அப்பிடிக் கல்யாணமே வேண்டாமுங்க" என்றான் தம்பி. இத்தனை வயதுக்கு மேல் கிடைத்த கல்யாணத்தைப் பற்றி அவன் இப்படிச் சொன்னதும், என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் இணைப்பு அறுந்ததும், டெலிபோன்காரர்களை நாலு வார்த்தை கேட்கலாம் என்று ரிசீவரை எடுத்தேன். டயல் டோன் வந்தது. அதற்கு நடுவே ஒரு இருமல் கேட்டது. வெளியே எங்கோ நாய் குரைத்தது. அதே நாய் ரிசீவருக்குள்ளும் குரைத்தது. ஒரே நாய் இரண்டு காதிலும் குரைப்பதென்றால், அந்த ரிசீவர் ரொம்பத் தூரத்தில் இல்லை.

"அப்பா, இந்த லைன் வேற எங்கியாச்சும் போகுதுங்களா?"

"எங்கயும் போகாது."

இதையே முதல் நாள் மோடம் மாட்டும்போதும் கேட்டிருந்தேன். அன்றைக்கும் இதே பதில்தான். அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் சித்தப்பா வீடு என்று ஒன்று இருப்பதை அவர் வாய் ஒத்துக்கொள்ளாது. இல்லாத வீட்டுக்குக் கம்பி எப்படிப் போகும்?

அம்மா பொறுக்க முடியாமல் சொன்னாள்: "பாகம் பிரிச்சப்ப போனையும் பிரிச்சாங்க கண்ணு. நம்பரு இங்க. ஒரு ஒயரு அந்தாண்ட ஊட்டுக்கு. நாலு பெரியவங்க உக்காந்து பேசுனது."

வெளியே போய்ப் பார்த்தேன். சுவரோடு சுவராகச் சுண்ணாம்பு பூசிய கம்பி, வேலி தாண்டி, அந்தத் தென்னமரம் வழியாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் போனில் டப்பா இல்லை. அங்கே யார் ரிசீவரை எடுத்தாலும் இங்கே என் ஆபீஸ் அறுந்துவிடும்.

அப்பாவுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது, அவர் விரும்பிய மாதிரி.

"வேணும்னே எடுக்கறான். உன்ற பொளப்பக் கெடுத்து ஏரோப்ளேன் ஏத்திட்டு, அவன் புள்ளையச் சீருக்கு நிறுத்தறதுக்கு! எங்கடா அந்தக் கட்டிங் பிளேடு?"

"அறுத்தீங்கன்னா அவரு கல்யாணத்துக்கே வரமாட்டாரு. பங்காளி இல்லாத கல்யாணத்துக்கு ஒறம்பரைச் சனம் வந்து என்ன சொல்லும்?" என்றாள் அம்மா.

"வராட்டிப் போறான்" என்று சொல்லிக்கொண்டே கட்டிங் பிளேடைத் தேடினார். அம்மா அதை ஏற்கெனவே அரிசிப் பானைக்குள் போட்டிருந்தாள்.

5

செவ்வாய்ப்பேட்டைக்குக் கல்யாண மளிகை வாங்கப் போன தம்பி, மஞ்சள் மூட்டையோடு ஒரு ஸ்ப்ளிட்டரும் வாங்கி வந்தான். ஆனால் அதைக் கொண்டுபோய் மாட்டுவது யார்? அப்பா போக மாட்டார். தம்பி போனால் அப்பாவுக்குத் துரோகம். அம்மா போனால் அதைவிடத் துரோகம். நான்தான் பாக்கி. கல்யாணம் ஆனதோடு நான் வேறு கூட்டத்துப் பெண், புருஷன் குலம்தான் என் குலம். பிறந்த வீட்டுச் சண்டை என்னைக் கட்டாது. ஜெர்மன் விசாவுக்கு எத்தனை மாதம் அலைந்தேன். இந்த விசா தாலியோடு வந்திருக்கிறது, இத்தனை வருஷம் எடுத்துப் பார்க்கவில்லை.

"நான் போய்ட்டு வாரேனுங்க" என்றேன். அப்பா எருமையைப் பார்த்து, "போறவங்களை யாரு தடுத்தா?" என்றார்.

யாழினியும் கூட வந்தாள். சித்தப்பா வீட்டு நாய் பாய்ந்து வந்தது. "உக்காருங்க" என்றாள். அதுவும் உட்கார்ந்துவிட்டது. சித்தப்பா கட்டிலில் இருந்து எழுந்து நின்றார். மெலிந்திருந்தார். சித்தி செத்துப்போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார்.

"வா சாமி. வாங்க சாமி. நாயிக்கு மரியாத குடுக்கற புள்ளைய இப்பத்தான் பாக்கறேன். தொட்டி மேல ஏறி நின்னுட்டு தினமும் மந்தரமாட்ட ஏதோ சொல்லுதே, அது இந்தப் பாப்பாதானுங்களா? நானும் என்னமோ வேண்டுதலாட்ட இருக்குதுன்னு கையெடுத்துக் கும்புட்டுக்கறேன்."

"நீங்க போன எடுத்தீங்கன்னா அவ தொட்டி மேல ஏறோணுமுங்க சித்தப்பா" என்று விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"நான் போன எடுக்கறதுனால உன்ற வேல போகுதா?"

"வேல போகாதுங்க. நான் திரும்பிப் போகோணும். தம்பிக்குச் சீருக்கு நிக்க முடியாது."

"அடக் கெரகமே! ஏஞ் சாமி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

யார் மூலமாகச் சொல்வது, எருமை மூலமாகவா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கேட்டேன். "யாருக்குங்க சித்தப்பா கூப்பிடறீங்க, தினமும் ரெண்டு நேரம்?"

"யாரக் கூப்புடறது? அதுக்குத்தான் செல்லு இருக்குதல்ல."

"அப்புறம் எதுக்குங்க எடுக்கறீங்க?"

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. யாழினியைப் பார்த்துச் சொன்னார், எருமையிடம் சொல்கிற அதே பாவனையில்.

"எடுத்தா கொர்ருனு சத்தம் வரும் சாமி. சத்தம் வந்தா உங்க அப்புச்சி பில்லுக் கட்டியிருக்கறாருன்னு அர்த்தம். பில்லுக் கட்ட சைக்கிள் மிதிச்சுட்டு டவுனுக்குப் போறாருன்னா, நல்லாத்தான் இருக்கறாருன்னு அர்த்தம். உண்டுபோட்டு ஒருக்கா, விளக்கு வெச்சு ஒருக்கா கேட்டுக்குவேன். வேற யாரப் போயிக் கேக்கறது?"

யாழினிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "கேளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நான் குனிந்து டப்பாவை மாட்டினேன். குனிந்தே கொஞ்ச நேரம் இருக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவர்தான் பதறினார்: "இத மாட்டீட்டா சத்தம் வருமல்ல?"

"வரும்ங்க சித்தப்பா. எடுத்துப் பாருங்க."

எடுத்தார். காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இருக்குது" என்று சொல்லி, வைக்க மனமில்லாமல் வைத்தார்.

6

அன்றைக்குச் சாப்பிடும்போது நடந்ததை அப்படியே சொன்னேன். அப்பா நிமிரவே இல்லை. "அவன் எடுக்கறது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார் கடைசியில். "எடுத்தா இங்க போனு ஒரு டிங்கு அடிக்கும். ஒரு நாளு அடிக்குலீன்னா நானு வேலியோரம் போயிப் பாத்துட்டு வருவேன்."

எங்கயும் போகாத கம்பிக்கு இத்தனை வேலை!

"அப்புறம் எதுக்குங்க, வேணும்னே எடுக்கறாருன்னு கட்டிங் பிளேடத் தேடுனீங்க?" என்று தம்பி கேட்டான். "சோத்தப் பாத்து உண்ணுடா" என்று அவனுக்குப் பதில் கிடைத்தது.

அதன் பிறகு இணைப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஃப்ராவ் கெல்லர், "இந்தியாவில் இணையம் உண்மையிலேயே பிரமாதம்" என்று எழுதினார். சீருக்கு நான் நின்றேன். கூறைச்சேலையின் ஒரு நுனியை நான் பிடித்தேன், மறு நுனியைத் தம்பி பிடித்தான். பூங்கொடி என் பக்கத்தில் தட்டை ஏந்தி நின்றாள். சித்தப்பா வந்திருந்தார். அப்பாவும் அவரும் ஒரே சமையல்காரரிடம் தனித்தனியாகப் போய், ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ரசத்தைக் கடைசிவரைக்கும் வாயில் வைக்க முடியவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம். இங்கே என் கம்பியைப் பிடுங்கிய அதே வாரம் அப்பா கூப்பிட்டார். தொட்டி மேலிருந்துதான். முக்குக் கோயிலைத் தாண்டிக் கண்ணாடி இழை வந்துவிட்டதாம், தம்பி பெண்டாட்டி விடாமல் நச்சரித்து வாங்கிவிட்டாளாம். பழைய கம்பிகளையெல்லாம் எடுத்துவிடுகிறோம் என்று டெலிபோன் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து நின்றாராம்.

"நானு முடியாதுன்னு சொல்லிப்போட்டேன்" என்றார் அப்பா. "எதுக்குங்க பெரியவரே, ஊட்டுல ஆளுக்கொரு செல்லு வச்சிருக்கறீங்களே, இது எதுக்குன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ற தம்பி பேசறதுக்கு வேணும்னேன். இப்ப அவன் எடுக்கற நேரத்துக்கு நானும் எடுக்கறேன்ல."

"சித்தப்பா பேசறாருங்களா?"

தொட்டி மேல் காற்று அடிப்பது கேட்டது.

"இன்னும் பேசுல. இருமுவான், நானும் இருமுவேன், வெச்சுருவோம். எப்பவாவது பேசறப்ப லைன் இருக்கோணுமல்ல?"